தீபாவளி லீவை ஆகஸ்டிலேயே சொல்லுங்கள்

வரும் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. வெள்ளி இரவே ஊருக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ரயில் முன்பதிவு செப்டம்பர் 7, திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கணக்கு. பாண்டியன், நெல்லை, பொதிகை எல்லாம் தீபாவளி சீசனில் எவ்வளவு வேகத்தில் நிரம்பும் என்பது சென்னையில் வேலை பார்க்கும் தென்மாவட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த எட்டு மணிக்கு எங்கள் ஆலையில் முதல் ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். யார் கையிலும் போன் இருக்காது. உள்ளே நுழையும்போதே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். டிபன் இடைவேளை எட்டரைக்கு. ஊரில் இருக்கும் தம்பியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து வைக்கலாம்; ஆனால் பணம் கட்டும்போது ஓ.டி.பி. லாக்கருக்குள் இருக்கும் போனுக்குத்தான் வரும்.

இதையாவது எப்படியோ சமாளித்துவிடுவார்கள். சமாளிக்க முடியாதது வேறு. போன் கையில் இருந்தாலும் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. லீவு உண்டா இல்லையா என்பது பண்டிகைக்கு முந்தின வாரம்தான் முடிவாகும்.

பண்டிகைக்கு முன்கூட்டியே தயாராகுங்கள், கடைசி நேரப் பரபரப்பு வேண்டாம் என்று வருஷம் தவறாமல் அறிவுரை வருகிறது. ஆடித் தள்ளுபடியிலேயே துணி எடுங்கள், பட்டியல் போடுங்கள், வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழியுங்கள் என்பார்கள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தன் காலண்டர் தன் கையில் இருப்பவர்கள் கேட்டு நடக்கலாம். ஷிஃப்டில் நிற்பவர்களின் காலண்டர் கம்பெனி கையில் இருக்கிறது. அதனால் என் கட்சி இது: ஆலைத் தொழிலாளிக்கு நிம்மதியான பண்டிகை வேண்டுமென்றால், முதலில் தயாராக வேண்டியது ஆலை. தீபாவளி, பொங்கல் இரண்டுக்குமான லீவுப் பட்டியலை ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் சத்தியவேடுக்காரன். ஸ்ரீ சிட்டியில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாக ஆலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆலையின் பெயர் வேண்டாம், சம்பளம் அங்கேதான் வருகிறது. லீவு கேட்டு வருகிறவர்கள் முதலில் நிற்பது என் மேஜை முன்னால்தான்.

எங்கள் பக்கத்தில் பண்டிகை என்பதே கொஞ்சம் குழப்பமான சரக்கு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திர, தமிழக எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகப் பக்கம் போனது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது. அப்புறம் சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரிதான் மாறிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் கிழிக்கிற காலண்டர் தமிழ், மாதக் காலண்டர் தெலுங்கு. 2008-இல் ஸ்ரீ சிட்டி தொடங்கி, இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வந்த பிறகு அந்தச் சுவர் போதாமல் போய்விட்டது. என் ஷிஃப்டில் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை ஆட்கள் இருக்கிறார்கள். தேனி, மதுரைப் பையன்கள் இருக்கிறார்கள். நெல்லூர், கோதாவரி, ஸ்ரீகாகுளம் இருக்கிறது. ஒடிசாவும் பீகாரும் இருக்கின்றன. தீபாவளி தமிழர்களுக்குப் பெரிது. கோதாவரிக்காரர்களுக்கு அன்று விளக்கேற்றிப் பட்டாசு கொளுத்தினால் போதும், உயிர் சங்கராந்தியில் இருக்கிறது. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை முக்கியம். மதுரைப் பையன்களைக் கேட்டால் தீபாவளியை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் வரிசையாக மாடு அவிழ்க்கும்போது இங்கே நின்று பிளாஸ்டிக் மூடி எண்ண மாட்டார்கள்.

குழப்பம் என்றேன், ஆனால் லீவுப் பட்டியல் போடுகிறவனுக்கு இது வரப்பிரசாதம். எல்லோரும் ஒரே நாளில் ஊருக்குப் போக வேண்டிய ஆலையில்தான் லைனை மூட வேண்டும். இங்கே ஆளுக்கொரு நாள். நேரத்தில் கேட்டுவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் தானாகத் தீரும்.

எங்கள் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோல்டிங் மெஷினை ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட முடியாது. பேரலுக்குள் உருகிக் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். திரும்ப ஓட்டும்போது சூடேற்றி, செட்டிங் சரியாக வரும்வரை விழுகிற பீஸெல்லாம் ஸ்கிராப். அதனால் பண்டிகை என்றாலும் சில மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற மெஷினுக்கு அச்சு மாற்றவும் செட்டிங் போடவும் செட்டர் வேண்டும். என் ஷிஃப்டில் ஒரு பெரிய மெஷினுக்கு இரண்டு செட்டர்கள். ஒருவன் பெரியகுளம், ஒருவன் பீமவரம். ஒருவன் போனால் மற்றவன் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் சில மாத இடைவெளியில் கல்யாணம் ஆனது. பெரியகுளத்துக்காரனுக்குத் தலைதீபாவளி. போகாவிட்டால் மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பீமவரத்துக்காரனோ, "அண்ணா, சங்கராந்திக்கு நான் புது அல்லுடு, நீங்கள் என்ன செய்தாலும் சரி, நான் இங்கே இருக்க மாட்டேன்" என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டான். கோதாவரிப் பக்கம் புது மாப்பிள்ளைக்கு இலை கொள்ளாமல் நூறு பதார்த்தம் பரப்பி உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தவறவிடச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா. இரண்டு பேரையும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார வைத்தேன். பேச்சு ஒரு டீக்கு மேல் நீளவில்லை. தீபாவளிக்கு இவன், சங்கராந்திக்கு அவன். தமிழனுக்குப் பொங்கல் போகிறதே என்றேன். "தலைதீபாவளி ஒரு தடவைதான் சார், பொங்கல் வருஷா வருஷம் வரும்" என்றான். டிக்கெட் திறந்த அன்று அவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட் போட்டுக் கொடுத்தேன். ரூமில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொண்டான். சங்கராந்திக்குக் கூடூர் போய் ரயில் ஏறினவன், திரும்பி வரும்போது ஷிஃப்டுக்கே பூதரேக்கு இனிப்பு கொண்டுவந்தான்.

அதற்கப்புறம் ஜூலையில் ஒரு சார்ட் பேப்பரை நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவது என் வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாக வேண்டிய பண்டிகை ஒன்று, விட்டுக்கொடுக்கக் கூடிய பண்டிகை ஒன்று. அவரவர் பெயருக்கு எதிரே அவரவரே எழுத வேண்டும். நான் எழுதுவதில்லை. நான் எழுதினால் அது உத்தரவு ஆகிவிடும், தகராறும் என் தலையில் விடியும்.

பெண்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தினமும் வந்துபோகிறவர்கள். ரயில் பிரச்சினை இல்லை, எந்த நாள் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று நிர்வாகம் நினைக்கும். பேக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா தீபாவளியன்று வேலைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். தப்பாக எழுதிவிட்டாரோ என்று கேட்டேன். "இல்ல சார். அதுக்கு நாலு நாள் முன்னாடி ஒரு நாள் குடுங்க, மறுநாள் ஒரு நாள் குடுங்க. அன்னிக்கு வீட்ல இருந்தா எனக்கு என்ன தீபாவளி, அடுப்படிதான். வந்தா டபுள் சம்பளமாவது கிடைக்கும்." நாலு நாள் முன்னால் எதற்கு? அதிரசத்துக்கு. பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுக்கப் போகாமல் நிழலில் உலர்த்தி, மாவாக்க வேண்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். அப்புறம் மாவு இரண்டு மூன்று நாளாவது புளிக்க வேண்டும். முதல் ஷிஃப்டுக்கு நாலு மணிக்கு எழுந்து, மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவர் இதை எந்த நேரத்தில் செய்வார்? மறுநாள் எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார். தூங்கத்தான்.

தீபாவளி லீவு என்றால் தீபாவளி அன்றைக்கு லீவு என்று நினைத்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும்.

தொழிலாளிகளுக்கு முன்கூட்டித் திட்டமிடத் தெரியாது என்று மேலே உள்ளவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். தீபாவளிச் சீட்டு என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன? தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கான அட்டை போட்டுவிடுகிறார்கள். வாரம் நூறோ மாதம் ஐந்நூறோ கட்டி, வருஷம் திரும்பும்போது எண்ணெய், மளிகை, இனிப்பு, பட்டாசுப் பெட்டி, எவர்சில்வர் பாத்திரம் என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வருஷம் முன்னால் தொடங்குகிற இந்தத் திட்டத்தைவிடப் பெரிய முன்னேற்பாடு எந்தக் கம்பெனியில் நடக்கிறது? ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் எங்காவது ஓர் ஊரில் சீட்டு பிடித்தவர் கம்பி நீட்டிய செய்தி வரத்தான் செய்கிறது. அதனால் தெரிந்த ஆளிடம், பதிவு உள்ள இடத்தில் கட்டச் சொல்கிறேன். ஆனாலும் பழக்கம் நல்ல பழக்கம்.

கம்பெனிக்கும் திட்டமிடத் தெரியாமல் இல்லை. எங்களைச் சுற்றி ஏ.சி. தொழில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. டைகின், புளூ ஸ்டார், ஹேவல்ஸ் என்று வரிசையாக ஆலைகள். சித்திரை வெயிலுக்கு விற்க வேண்டிய ஏ.சி.க்கான உற்பத்தி பொங்கல் சமயத்திலேயே சூடு பிடித்துவிடும். தீபாவளிக்குக் கடையில் அடுக்க வேண்டிய இனிப்புப் பெட்டியையும் சாக்லேட் பெட்டியையும் புரட்டாசியில் தொடங்கிச் செய்ய முடியுமா? பொருளுக்கு மாதக்கணக்கில் முன்னறிவிப்பு உண்டு. எங்கள் ஆலைக்குக்கூட வாடிக்கையாளரிடமிருந்து மூன்று மாதக் கணக்கு வந்துவிடும். எத்தனை மூடி, எந்த நிறம், எந்த வாரம், எல்லாம் இருக்கும். அந்த மூடியைச் செய்கிற ஆள் அந்த வாரம் எங்கே இருப்பான் என்பது மட்டும் கடைசி வாரம் வரை யாருக்கும் தெரியாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சம்பளத்தோடு லீவு வேண்டுமென்றால் 15 நாள் முன்பே எழுதிக் கேட்கச் சொன்னது. இப்போது அந்த இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. கேட்பவனுக்குக் கெடு வைத்தது நியாயம்தான். ஆனால் ரயில் 60 நாள் முன்பே திறக்கும் காலத்தில் 15 நாள் என்பது எந்த மூலைக்கு? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய கடைகளும் உணவகங்களும் ஊழியரின் வேலை நேரப் பட்டியலை முன்னதாக எழுத்தில் தர வேண்டும். இப்போது அந்தக் கெடு 14 நாள். நம் ஊருக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. கெடு முதலாளிக்கும் உண்டு என்ற எண்ணம் பொருந்தும்.

அவ்வளவு தூரம் போவானேன். இதே மாவட்டத்தில் திருமலை இருக்கிறது. 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை மூன்று மாதம் முன்பே ஆன்லைனில் விடுகிறார்கள். ஜனவரியில் பெருமாளை எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்பது அக்டோபரிலேயே தெரிந்துவிடும். அப்படி முன்கூட்டிச் சொல்லாமல், வந்து வரிசையில் நில்லுங்கள் என்றால் என்ன ஆகும் என்பதையும் இதே ஊர் பார்த்தது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி கவுன்டர்களில் கூடிய நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். அடுத்த முறை முதல் மூன்று நாளுக்கு ஆன்லைனில் பதிந்து குலுக்கல் என்று மாற்றினார்கள். எங்கள் பிரச்சினை அவ்வளவு பெரிதில்லை, ஒப்பிடுவதே தப்பு. ஆனாலும் பண்டிகைக்கு முந்தின நாள் மாதவரத்திலோ கிளாம்பாக்கத்திலோ பையும் குழந்தையுமாக பஸ் கதவில் தொங்குகிறவர்களில் எத்தனை பேர், அன்று காலைதான் லீவு உறுதியானவர்கள் என்று எனக்கு யோசனை ஓடும். ஆம்னி பஸ்காரர் கேட்கிற காசைக் கொடுப்பதும் அவர்கள்தான்.

லீவு சொல்லாமல் இழுப்பதால் ஆலைக்கு லாபம் என்று நினைக்கிறார்கள். கடைசி வரை ஆள் கையில் இருக்கும் என்ற கணக்கு. நடப்பது என்ன? தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷிஃப்டில் பாட்டிமார்கள் கூட்டமாகச் செத்துப்போகிறார்கள். சிலருடைய பாட்டி இரண்டாம் தடவையாகச் சாவார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு நிஜமாகவே சாவு என்று கண்டுபிடிக்க முடியாது. இருக்கிறவர்களை டபுள் டூட்டி பார்க்கச் சொல்கிறோம். பதினாறு மணி நேரம் நின்றவன் கையில் போகிற பீஸ் எப்படி இருக்கும் என்பதைத் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். லீவு உறுதி என்று தெரிந்தவன் முந்தின நாள் வரை ஒழுங்காக வருவான். நான் பார்த்தவரை அப்படித்தான்.

போனஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். குறைந்தது 8.33 சதவீதம், கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் என்பது சட்டம். மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பர் வரை நேரம் இருக்கிறது. பல இடங்களில் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பணம் ஏறும். அந்த ஞாயிறு சூளூர்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. ஒரு மாதம் முன்னால் போட்டால் கூட்டமும் குறையும், பேரம் பேசவும் தெம்பு இருக்கும் என்பேன். என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். "முன்னாடி வந்தா முன்னாடியே செலவாகும், தீபாவளிக்குக் கைமாத்து வாங்குவீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அதனால் போனஸ் தேதியில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எந்தத் தேதி என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தச் சார்ட் பேப்பரில் கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர் இல்லை. அவர்கள் லீவைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. அவர் பார்த்துக்கொள்வதில்லை. ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளமும் போய், மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரும்போது இடத்தில் வேறு ஆள் நிற்பதும் உண்டு. ஒடிசா, பீகார் பையன்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். இரண்டு நாள் ரயிலில் போகிறவர்களுக்கு நான்கு நாள் லீவு எதற்கும் காணாது. பத்து நாளாவது வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் யார் கொடுப்பார்கள்? ஆகஸ்டிலேயே தெரிந்தால் மாற்று ஆளைப் பழக்கிவிடலாம். பட்டியல் ஒட்டுவதென்றால் இவர்களையும் சேர்த்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாதிக்குத்தான் பண்டிகை.

சங்கராந்திக்கும் சேர்த்து இப்போதே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரி 13 ரயிலுக்கு முன்பதிவு நவம்பர் 14-இல் திறக்கும். தீபாவளி முடிந்து அன்றோடு ஆறாம் நாள். ஊருக்குப் போன பாதிப் பேர் பையைப் பிரித்திருக்கக்கூட மாட்டார்கள். நடுவில் வடகிழக்குப் பருவமழை வேறு. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கி, பாதி ஷிஃப்ட் அக்கரையில் நின்ற காலம் உண்டு. இப்போது மேம்பாலம் வந்துவிட்டது. ஆனாலும் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னால் அந்த வாரத்துக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். அந்த நேரத்தில் உட்கார்ந்து பொங்கல் லீவு பேச யாருக்கும் பொறுமை இருக்காது.

எங்கள் ஹெச்.ஆரில் இதைச் சொன்னபோது வந்த கேள்வி ஒன்றுதான்: "ஆகஸ்டில் லீவு கொடுத்துவிட்டு, அக்டோபரில் ஆர்டர் கூடினால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. ஆர்டர் கூடும், சில வருஷம் கூடியிருக்கிறது. அப்போது லீவை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கட்டும், ஒத்துக்கொண்டால் டிக்கெட் ரத்துக் கட்டணத்தையும் அன்றைக்குக் கிடைக்கிற பஸ்ஸின் கட்டணத்தையும் கம்பெனி கொடுக்கட்டும் என்றேன். மேனேஜர் சிரித்தார். ரத்துக் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஃபைனான்ஸில் கேட்க வேண்டுமாம். ஸ்கிராப்பை எந்தக் கணக்கில் எழுதுகிறார்களோ அதிலேயே எழுதலாம் என்று சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினேன். பதில் இன்னும் வரவில்லை. சார்ட் பேப்பரில் கடைசி வரிசை வரை பெயர் நிரம்பிவிட்டது, இன்னொரு தாள் வாங்கி ஒட்ட வேண்டும்.